வாரியத்தின் நிலா

கலங்கல் என்ற பெயரை அவருக்கு வைத்தது ஊர் அல்ல, உயர்தர திராட்சை மது வாரியம். முதல் தடவை தன் ஒயினைத் தர ஆய்வுக்குக் கொண்டுபோனபோது, ஆய்வு அறையில் இருந்த அதிகாரி புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கலங்கல்" என்று ஒரே வார்த்தை சொன்னார். பக்கத்தில் இருந்த எழுத்தர் அதை உற்பத்தியாளர் பெயருக்கான இடத்தில் எழுதிவிட்டார். திருத்த வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புதிதாக விண்ணப்பித்தால் கலங்கல் என்பவர் எங்கே போனார் என்று விசாரணை வரும் என்றார்கள். அவர் விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் மனைவி மட்டும் "என்னங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒயின் கலங்கலாக இருந்ததென்னவோ உண்மைதான். அவர் வடிகட்டுவதில்லை. கடை ஈஸ்ட் போடுவதில்லை. பழத்தோலில் எது ஒட்டிக்கொண்டு வருகிறதோ அதுவே புளிக்க வைக்கட்டும் என்று தொட்டியை மூடிவிட்டுப் போய்விடுவார். வாரியத்தின் கொள்கை வேறு. ஒயின் என்றால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். ஒருவருடையதைக் குடித்தால் எல்லோருடையதையும் குடித்த மாதிரி இருக்க வேண்டும். "ரகத்துக்குரிய இயல்பு இல்லை" என்று வருஷா வருஷம் திருப்பி அனுப்பினார்கள். வாரியத்தின் முத்திரை இல்லாத புட்டியில் ஒயின் என்ற சொல்லை அச்சடிக்கக் கூடாது. ஆகவே அவர் 'புளித்த பழச்சாறு' என்று அச்சடித்து விற்றார். அதையும் தேடி வந்து வாங்கிப்போகச் சிலர் இருந்தார்கள்.

அவரும் ஒரு காலத்தில் எல்லோரையும்போல மருந்து அடித்தவர்தான். மருந்து அடிக்கும் நாட்களில் மனைவிக்கு மூச்சு வாங்கும். ஜன்னலைச் சாத்தி, துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு தடவை உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "அந்த வீட்டுல ஒண்ணு இவங்க இருக்கலாம், இல்ல மருந்து இருக்கலாம்" என்றார். அவர் மருந்தை விட்டார். விட்ட வருஷம் பாதித் தோட்டம் பூஞ்சாணத்தில் போயிற்று. மாற்று என்ன என்று தேடி அலைந்தபோதுதான் உயிராற்றல் முறை என்று ஒன்று இருப்பது தெரிய வந்தது.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும் முறைதான் அது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் புதைத்து வைக்க வேண்டும். பனி விட்டதும் எடுத்து, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் வலமும் இடமுமாக மாற்றி மாற்றிச் சுழி விழும்படி கலக்கித் தோட்டத்தில் தெளிக்க வேண்டும். தொட்டால் அரிக்கும் செடியை வேகவைத்து அந்தத் தண்ணீரை இலைக்கு அடிக்க வேண்டும். நிலா எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, இது வேர் நாள், இது இலை நாள், இது பூ நாள், இது பழ நாள் என்று பிரித்துக்கொண்டு, அந்தந்த வேலையை அந்தந்த நாளில் செய்ய வேண்டும். பறிப்பது பழ நாளில்.

அடுத்த தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருநாள் கேட்டார். "உண்மையச் சொல்லுங்க. அந்தக் கொம்புல ஏதாவது இருக்கா?"

"தெரியலண்ணே. ஆனா கொம்பு பொதைக்கணும்னா குனிஞ்சு தோண்டணும். தோண்டுனா மண்ணு கண்ணுல படுது. மருந்து அடிச்ச காலத்துல டிராக்டர விட்டு எறங்குனதே இல்ல."

"அப்ப கொம்பு இல்லாமலே தோண்டலாமே."

"சும்மா யாருண்ணே தோண்டுவா?"

அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்று தன் டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்.

இது இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்திருக்காது. ஒயினைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும் ஒரு வெளிநாட்டுப் பெண் இந்தப் பக்கம் காரில் வந்தாள். வாரியம் அழைத்து வந்த விருந்தாளி. முத்திரை பெற்ற தோட்டங்களையெல்லாம் சுற்றிப் பார்த்துக் களைத்துப்போய், வழி தவறி, இவர்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாள். மனைவி தண்ணீரோடு புளித்த பழச்சாறு ஒரு டம்ளரும் கொடுத்தாள். அந்தப் பெண் அதைக் குடித்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊருக்குப் போய் எழுதினாள்: 'அந்த நாட்டில் நான் குடித்தவற்றில் ஒயின் என்று சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் மேல் ஒயின் என்று எழுதியிருக்கவில்லை.'

வாரியம் ஆடிப்போனது. அவசரக் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தின் முடிவில் வாரியத்துக்கு உயிராற்றல் பிரிவு என்று ஒரு புதிய பிரிவும், அதற்கு இரண்டு மாடிகளும் கிடைத்தன. தொடக்க விழாவுக்குக் கலங்கலைக் கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் நாற்காலி. கையில் பூச்செண்டு. தலைவர் பேசினார்.

"இயற்கை நல்லதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்பார்வை இல்லாத இயற்கை ஆபத்தானது. நிலா இத்தனை கோடி வருடமாகச் சுற்றுகிறது. இதுவரை யாரிடமாவது அனுமதி பெற்றதா? தன் நடமாட்டத்துக்கு யாரிடமாவது விளக்கம் கொடுத்ததா? இந்தக் குறையைக் களைய ஒரு வாரியம் இல்லாமல் போனதால்தான், பாவம், நம் கலங்கல் அவர்கள் தனி ஒரு மனிதராக அந்தச் சுமையைச் சுமந்தார். இனி அவர் சுமக்க வேண்டியதில்லை. இன்றுமுதல் கொம்பு, சாணம், சுழி, நிலா ஆகிய நான்கையும் வாரியம் ஏற்றுக்கொள்கிறது."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கலங்கலும் தட்டினார். தன்னைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. கீழே இறங்கும்போது ஓர் அதிகாரி பூச்செண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இனி உயிராற்றல் முறையில் விவசாயம் செய்ய அவருக்கு உரிமம் வேண்டும் என்று தெரிவித்தார்.

"நான் ஏற்கெனவே செஞ்சிட்டுத்தான் இருக்கேன் சார்."

"அதான் சிக்கலே. உரிமம் இல்லாம இத்தனை வருஷம் செஞ்சிருக்கீங்க. நாங்க அதப் பெரிசு பண்ணல. பதிலுக்கு நீங்க ஒத்துழைக்கணும்."

ஒத்துழைப்பு அடுத்த வாரமே தொடங்கியது. கொம்பு ஆய்வாளர் என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, மரியாதையான பேச்சு, புது பூட்ஸ். அவர் புதைத்து வைத்திருந்த கொம்புகளை எல்லாம் தோண்டி எடுக்கச் சொன்னாள். எடுத்தார். உள்ளே இருந்தது சாணமாக இல்லை. கறுப்பாக, ஈரமாக, காட்டு மண் வாசனையோடு இருந்தது. அவள் ஒரு கொம்பை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு கணம் அவள் முகம் மாறியது. பிறகு சாக்கில் போட்டாள்.

"இதெல்லாம் அழிக்கணுங்க. ஒண்ணு ஒரு நீளம், ஒண்ணு ஒரு வளைவு. தரப்படுத்த முடியாது. வாரியக் கொம்பு தருவோம்."

வாரியக் கொம்பு பெட்டி பெட்டியாக வந்தது. எல்லாம் ஒரே அளவு. பழுப்பு நிற பிளாஸ்டிக்.

"மாடு...?" என்று இழுத்தார் அவர்.

"நாட்டுல இருக்கற தோட்டத்துக்கெல்லாம் குடுக்கற அளவுக்கு மாடு இல்லீங்க. வடிவம்தான் முக்கியம்னு தொழில்நுட்பக் குழு சொல்லிடுச்சு."

"சரி. சாணம்?"

"அது அடுத்த வருஷத் திட்டத்துல இருக்கு. இப்போதைக்குப் புதைக்கறதுதான் கட்டாயம். நிரப்பறது பரிந்துரை மட்டும்தான்."

வெறும் பிளாஸ்டிக் கொம்புகளை அவரும் மனைவியும் வரிசை வரிசையாகப் புதைத்தார்கள். ஆய்வாளர் கூடவே நடந்து எண்ணிக்கொண்டு வந்தாள். போகும்போது மனைவியிடம் மட்டும், "அந்தக் கறுப்பு மண்ணு ரொம்ப நல்ல வாசனை அக்கா" என்றாள். "அப்ப எதுக்கும்மா எடுத்துட்டுப் போற?" என்றாள் மனைவி. அந்தப் பெண் சாக்கை ஜீப்பில் ஏற்றினாள்.

கலக்குவதைச் சோதிக்க ஒருவர் வந்தார். பீப்பாய்த் தண்ணீரை வலப்பக்கம் சுழற்றிக்கொண்டிருந்தவரைத் தடுத்து, சுழியின் ஆழத்தை அளக்க வேண்டும், அசையாமல் நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினால் சுழி இருக்காதே என்று கலங்கல் சொன்னார். அதைக் குறையாக எழுதிக்கொண்டு அவர் சாப்பிடப் போனார். இடப்பக்கம் சுழற்றுவதற்கான ஒப்புதல் அறுவடைக்கு அப்புறம் வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் கலங்கல் பொறுத்துக்கொண்டார். முத்திரை கிடைத்தால் புட்டியில் ஒயின் என்று போடலாம் என்ற ஆசை அவருக்கும் உள்ளுக்குள் இருந்தது. அது தவிர இன்னொரு காரணமும் இருந்தது. மைத்துனன்.

மனைவியின் தம்பி அவன். அம்மா அப்பா போன பிறகு அக்காதான் வளர்த்தாள். வாரியத்தில் முத்திரை குத்தும் பிரிவில் தற்காலிக ஊழியனாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்தான். உயிராற்றல் பிரிவு வந்ததும் அவனை நிலா உதவி அலுவலராகப் போட்டார்கள். அலுவலர் பதவி காலியாக இருந்ததால் நிலா முழுக்க அவன் பொறுப்பு. ஒரு பருவம் ஒழுங்காக முடிந்தால், எந்தத் தோட்டத்திலும் நாட்காட்டி மீறல் இல்லை என்றால், வேலை நிரந்தரமாகும். அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள்.

நாட்காட்டியை அவனே கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். கலங்கல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மாப்ள, சனி ஞாயிறு பூரா வேர் நாள்னு போட்டிருக்கே."

"ஆபீஸ் லீவு மாமா. வேர் நாள்ல யாரும் ஒண்ணும் கேட்டு வர மாட்டாங்க."

"பௌர்ணமி ரெண்டு நாள் தள்ளி இருக்கு."

"அன்னிக்கு மின்சார பராமரிப்பு. அறிவிப்பு அச்சடிக்க முடியாதுன்னுட்டாங்க."

"அறுவடை மாசத்துல பழ நாளே காணோமே."

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "தலைவர் ஊர்ல இல்ல மாமா. மொத கொத்த அவர்தான் வெட்டித் தொடங்கி வைக்கணும்னு விதி. அவர் வெளிநாட்டுல நிலா மாநாட்டுக்குப் போறாரு. அவரு வந்ததும் பழ நாள் வரும்."

அந்த வருஷம் திராட்சை அப்படி வந்தது. முந்தின வருஷங்களில் மண்ணுக்குச் செய்ததெல்லாம் கொடியில் ஏறி நின்றது. இலை தடித்து, கொத்து இடைவெளி விட்டுத் தொங்கி, ஒரு பழத்திலும் புள்ளி இல்லை. மனைவி தினமும் காலையில் ஒரு பழத்தை வாயில் போட்டு விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பாள். பச்சையாக இருந்த விதை பழுப்பாகி, மென்றால் பாதாம் மாதிரி நொறுங்கியது. தோல் வாயில் கரைந்தது.

"என்னங்க, இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. அதுக்கு மேல தாங்காது."

வானத்துக் கணக்கிலும் அன்று பழ நாள்தான். வாரியத்தின் நாட்காட்டியில் இலை நாள். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

கலங்கல் சட்டை மாற்றிக்கொண்டு வாரியத்துக்குப் போனார். உயிராற்றல் பிரிவின் துணைத்தலைவர் அவரை உட்கார வைத்து, காபி வரவழைத்து, முழுதும் கேட்டார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா ஒரு தனி ஆளுக்காக நிலாவ நகர்த்த முடியாதுங்களே."

"நிலா அங்கயேதான் சார் இருக்கு. நகர்த்தினது நாட்காட்டி."

"அதத்தான் நானும் சொல்றேன். நகர்த்தறதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு. அதப் பின்பற்றித்தான் நகர்த்திருக்கோம். இப்ப திரும்ப பழைய எடத்துக்கே கொண்டுபோகணும்னா, மொதல்ல நகர்த்தினது தப்புன்னு ஆயிடும். ஒரு வாரியம் தன் நிலாவையே சந்தேகப்பட்டா, மக்கள் எத நம்புவாங்க?"

"மழ வருது சார்."

"மழை எங்க பிரிவுல வராது" என்று வருத்தத்தோடு சொன்னார் துணைத்தலைவர். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மைத்துனன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மனைவி அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கத்தரிகள் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கிடந்தன.

"நீ எழுதற காகிதம் ஆகாசத்துல இருக்கறத மாத்திருமாடா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"மாத்தாதுக்கா. ஆனா ஆகாசமும் காகிதத்த மாத்தாது."

"நாங்க வெட்டப் போறோம்."

"வெட்டுங்க. நான் தடுக்கவா வந்தேன்? மீறல்னு நானே என் கையால எழுதணும், அவ்ளோதான். எழுதிட்டு வந்துர்றேன். வேல போனா போகட்டும். நீ சாப்பாடு போட மாட்டியா என்ன?" அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. "மாமா, சும்மா சொல்லல. வெட்டுங்க."

அவன் வெட்ட வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் கலங்கல் வெட்டியிருப்பார். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. சின்ன வயதில் அந்தத் தலைக்கு அவள்தான் சீவி விடுவாள். பிறகு அவளே கத்தரிகளை ஒவ்வொன்றாக எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"ஒருவேளை மழ வராது" என்றாள்.

மழை மறுநாள் மதியம் வந்தது. வந்து நின்றுவிட்டுப் போகும் மழை இல்லை, தங்கும் மழை. பழம் தண்ணீரைக் குடித்து வீங்கி, தோல் வெடித்து, கொத்துக்குள் ஒன்றை ஒன்று நசுக்கியது. சாம்பல் நிறத்தில் பூஞ்சாணம் முளைத்தது. குளவிகள் வந்தன. கலங்கல் திண்டாடித் திரியவில்லை. குடையோடு வரிசைகளுக்கு நடுவே காலையும் மாலையும் நடந்தார், ஆஸ்பத்திரியில் உறவுக்காரரைப் பார்க்கப் போகிற மாதிரி.

தலைவர் திரும்பி வந்தார். பழ நாள் பிறந்தது. தோட்டத்தில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டினார்கள். தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, பாதி அழுகிய ஒரு கொத்தை வெட்டினார். அது கையிலேயே உதிர்ந்தது.

"இந்த மணம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார், "இதுதான் நம் மண்ணின் மணம். அவசரப்பட்டவர்களுக்கு இது கிடைக்காது."

கிடைத்ததை வைத்துச் செய்த ஒயின் செங்கல் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கண் கரித்தது. கலங்கல் அதைக் கொட்டிவிடலாம் என்றார். கொட்டினால், வாரியத்தின் பழ நாளில் பறித்த பழம் வீணாகிவிட்டது என்று பொருள். நிலா உதவி அலுவலர் பதில் சொல்ல வேண்டி வரும். எனவே மாதிரிப் புட்டிகள் ஆய்வுக்குப் போயின.

சுவைக்குழு நீள மேஜையில் உட்கார்ந்திருந்தது. உற்பத்தியாளரும் கூட இருக்க வேண்டும் என்பது விதி என்பதால் அவர் ஓரமாக நின்றார். முதல் உறுப்பினர் ஒரு வாய் குடித்து, விழுங்குவதா துப்புவதா என்று தவித்து, தலைவர் பார்ப்பதைப் பார்த்து விழுங்கினார். இரண்டாமவருக்கு இருமல் வந்தது. இருமல் நிற்க வெகுநேரமாயிற்று.

"விழுங்கிய பிறகும் சுவை நெடுநேரம் நிற்கிறது" என்று எழுதிக்கொண்டார் மூன்றாமவர்.

குழுவின் மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "இதைச் சுவையாக இருக்கிறதா என்று கேட்பது பாமரக் கேள்வி. சுவை என்பது நாக்கின் சொந்த அபிப்பிராயம். நான் இதில் தேடுவது ஒழுங்கு. அங்கீகரிக்கப்பட்ட கொம்பு, அங்கீகரிக்கப்பட்ட நிலா, அங்கீகரிக்கப்பட்ட நாள். மூன்றும் இதில் இருக்கின்றன. இருபத்தைந்து வருடமாக நான் ருசி பார்க்கிறேன். ஒரு விதியைக்கூட மீறாத ஒயினை இன்றுதான் குடிக்கிறேன். என் கண்ணில் தண்ணீர் வருகிறது, பாருங்கள்."

வந்திருந்தது. எல்லோருக்கும் வந்திருந்தது.

தங்கப் பதக்கம் அறிவித்தார்கள். கலங்கல் மூத்தவரின் அருகே போய், "ஐயா, இது கெட்டுப்போச்சு. குடிக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். மூத்தவர் அவர் தோளைத் தட்டி, பெரிய கலைஞர்களுக்கு இந்த அடக்கம் இருக்கும் என்று மற்றவர்களிடம் சொன்னார்.

மைத்துனனின் வேலை நிரந்தரமாயிற்று. பெண் குழந்தை பிறந்தது. கலங்கலும் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பும் வழியில் மனைவி, "அது ஒண்ணாவது நல்லபடியா வந்துச்சு" என்றாள். அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது, இனி அடுத்த வருஷத்தைப் பார்க்கலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

தங்கப் பதக்கம் பெற்ற ஒயின் அந்தத் தோட்டத்தின் தர அளவாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரே தோட்டத்துப் பெயரில் இரண்டு விதமான ஒயின் இருக்கக் கூடாது. நிலவறையில் முந்தின வருஷத்துப் பீப்பாய்கள் இருந்தன. அந்த வெளிநாட்டுப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து குடித்த அதே சரக்கு, இப்போது இன்னும் முதிர்ந்து, கலங்கல் தெளிந்து, தானாகவே கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஆய்வுக் குழு வந்து அதைப் பதக்க ஒயினோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. துளியும் பொருந்தவில்லை. போலி என்று முடிவு செய்தார்கள். அவர் தன் பெயரிலேயே போலி தயாரித்ததற்காக வழக்கு வேண்டாம், பெரிய மனதோடு அழித்துவிட்டால் போதும் என்றார்கள்.

அழிப்பதை மேற்பார்வையிட வந்தவன் மைத்துனன்தான். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிலவறைச் சாக்கடை ஓரம் நின்றான். ஆட்கள் பீப்பாயின் அடைப்பைத் தட்டி எடுத்தார்கள். சிவப்பாக ஓடியது. நிலவறை முழுக்க வாசனை எழுந்தது. வேலைக்காரர்கள்கூட ஒரு கணம் சுத்தியலை இறக்கி வைத்தார்கள்.

"மாமா, ஒரு குடம் பிடிச்சு வச்சுக்கங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"எதுக்கு மாப்ள. அப்புறம் நீ வேற அதுக்கு ஏதாவது எழுத வேண்டி வரும்."

மனைவி டம்ளரை நீட்டி ஓடுவதில் பிடித்தாள். ஒயின் பட்டால் தொண்டை பிடிக்கும் என்று அவள் குடிப்பதே இல்லை. அன்று முழு டம்ளரையும் நின்றபடியே குடித்தாள். ஒரு இருமல்கூட வரவில்லை. டம்ளரைத் தம்பியிடம் கொடுத்தாள். அவனும் பிடித்துக் குடித்தான். குடித்துவிட்டு, பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டு அழுதான். அடுத்த பீப்பாயைத் திறக்கச் சொல்லவும் அவன் மறக்கவில்லை.

வசந்தத்தில் அந்தப் பத்திரிகைப் பெண் மறுபடி வந்தாள், இந்த முறை வழி கேட்டுக்கொண்டே. ஒயின் என்று பெரிய எழுத்தில் அச்சடித்த, தங்க முத்திரை ஒட்டிய புட்டியைத் திறந்து கொடுத்தார்கள். முகர்ந்தாள். டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். பழையது இருக்கிறதா என்று கேட்டாள். மனைவி இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போனாள். அவள் இவர்களைப் பற்றி அப்புறம் எதுவும் எழுதவில்லை.

அடுத்த பருவத்தில் தலைவர் எங்கும் போகவில்லை. பழ நாள் சரியான நாளில் வந்தது. மேகம் இல்லை. பிளாஸ்டிக் கொம்புகள் மண்ணுக்குள் கிடந்தும், கொடிகள் முந்தின வருஷத்தை மிஞ்சிக் காய்த்தன. கலங்கலுக்கே வெட்கமாக இருந்தது, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதவர்போல. கத்தரிகளை வெளியே எடுத்து வைத்தார். அன்று காலை துணைத்தலைவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மைத்துனன். பின்னால் ஒரு தண்ணீர் லாரி.

"வாழ்த்துகள்" என்றார் துணைத்தலைவர். "ஆனா ஒரு சின்ன விஷயம். உங்க தர அளவுல மழைக்கு முக்கியப் பங்கு இருக்குன்னு ஆய்வுக் குழு கண்டுபிடிச்சிருக்கு. பழம் நனைஞ்சு, கொஞ்ச நாள் கொடியிலயே இருந்தாத்தான் பதக்கச் சுவை வருதாம். இந்த வருஷம் இயற்கை ஒத்துழைக்கல. வாரியம் ஒத்துழைக்கும்."

கலங்கல் லாரியைப் பார்த்தார். "இந்த வருஷம் நல்ல பழம் சார். இப்படியே பறிச்சா நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கும். யாரு இல்லன்னது? ஆனா அது நீங்க பண்ணின மாதிரி இருக்காதே. உங்க பேருக்கு ஒரு தரம் இருக்கு. அத நீங்களே கெடுக்கலாமா? கெடுத்தா முத்திரை போயிடும். முத்திரை இல்லாத தோட்டத்துல இனிமே கொடியே இருக்கக் கூடாதுன்னு புது விதி. வேரோட எடுத்துடுவாங்க."

மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உண்மைதான் மாமா" என்றான்.

லாரி ஓட்டுநர் குழாயை உருவிக்கொண்டு முதல் வரிசைக்குள் நுழைந்தார். சாலைக்குத் தண்ணீர் தெளித்துப் பழகியவர். திறந்த வேகத்தில் இரண்டு கிளைகள் ஒடிந்து தொங்கின. கலங்கல் ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தார்.

"குடுங்க, நான் அடிக்கறேன். நீங்க அடிச்சா கொடி போயிடும்."

"எவ்ளோ நனைக்கணுங்க?" என்று கேட்டார் ஓட்டுநர், குழாயைக் கொடுத்துவிட்டு.

"அழுகற அளவுக்கு" என்றார் கலங்கல்.

குழாயின் வாயை விரலால் பாதி மூடி, தண்ணீர் சாரலாக விழும்படி, இலைக்கு நோகாமல், ஒவ்வொரு கொத்தையும் அடிமுதல் நுனிவரை நனைத்துக்கொண்டே நடந்தார். துணைத்தலைவர் ஜீப்பில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு நேர்த்தியாக யாரும் செய்யவில்லை என்று மைத்துனனிடம் சொன்னார். மனைவி அவருக்கு ஒரு எட்டு முன்னால், தண்ணீர் இன்னும் படாத கொடி ஓரமாக நடந்து போனாள். ஒரு கொத்தைக் கிள்ளி, ஒரு பழத்தைப் பிய்த்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்த அவர் வாயில் போட்டாள்.

"எப்படி இருக்கு?"

அவர் மெதுவாக மென்று, விதையைத் துப்பினார்.

"ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, குழாயை அந்தக் கொடிக்குத் திருப்பினார்.